வயிற்றின் மேல் எழுதியது

நவம்பர் 3, திங்கள்
இன்று ஒரு பக்கம் முழுவதும் நானே எழுதினேன். இந்த வயதில்! முதியோர் வகுப்பு டீச்சர் இளமதி அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அடுத்த மாதம் பரீட்சையாம். மணமேல்குடியில், மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமாம். கேட்டதும் வயிறு பிசைந்தது. பஸ்ஸிலேயே உட்கார முடியாதவன் நான். எல்லோர் நடுவிலும் வயிற்றால் போய்விட்டால்?

நவம்பர் 6
மகன் முத்துராஜ் காரில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் நிறுத்தினோம். டாக்டர் அன்புமொழி, "குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்லங்கய்யா. குடல் எரிச்சல் நோய். நீங்க பயந்தா அதுவும் பயப்படுது" என்றார். மருந்தோடு ஹிப்னாடிசமும் செய்வாராம். அந்த மயக்கத்தில், நான் இதுவரை படித்த எழுத்தெல்லாம் மறந்துபோனால்? கேட்க வெட்கமாக இருந்தது.

நவம்பர் 13
மறக்கவில்லை. இதோ எழுதுகிறேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, "அலையே இல்லாத கடல், கரையில நிக்கிறீங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. தம்பி அய்யப்பன் வலையோடு போன அன்று கடல் அப்படித்தான் கிடந்தது, காற்றில்லாமல், எண்ணெய் ஊற்றினாற்போல. சாயங்காலம் புயல். அவன் வரவில்லை. எழுந்து கக்கூசுக்கு ஓடினேன். இனிமே போகமாட்டேன். செத்தாலும் போகமாட்டேன்.

நவம்பர் 14
போகாவிட்டால் பரீட்சை?

நவம்பர் 20
போனேன். தம்பியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டார். "மன்னிச்சுக்கங்கய்யா. எல்லாருக்கும் சொல்றதையே ஒங்களுக்கும் சொல்லிட்டேன். பயமே இல்லாம இருக்கிறது எப்பங்க?"
"எழுதுறப்ப" என்றேன்.
கண்ணை மூடி, வயிற்றின்மேல் விரலால் மெதுவாக 'அ' எழுதச் சொன்னார். சுழி, வளைவு, கோடு. அவர் குரல் தூரத்தில் கேட்டது. விரல் போன வழியில் சூடு பரவியது. மயக்கமெல்லாம் இல்லை. எல்லாம் தெரிந்தது.

டிசம்பர் 2
தினமும் வீட்டில் செய்கிறேன். என் பெண்டாட்டி மூக்காயி சிரிக்கிறாள். "என்ன, வயித்துல கோலமா? மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்கு!"
இன்று மறுபடி வயிற்றால் போனது. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு
பாதிப் பரீட்சையில் வயிறு முறுக்கியது. பேனாவை வைத்துவிட்டு, மேசைக்கடியில் வயிற்றின்மேல் எழுதினேன். கொஞ்சம் விட்டது. முழுக்க விடவில்லை. கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு வெளியே போய் வந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர்க்கு அவரவர் தாள். மீதியை எழுதி முடித்தேன்.
பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்ததில் எங்கள் ஊரைத் தாண்டிவிட்டேன். "பெரியவரே, தூக்கமா?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.
"படிச்சுக்கிட்டு வந்தேன்ப்பா."
இறங்கித் திரும்பி நடக்கும்போதுதான் வயிற்றின் நினைப்பே வந்தது.