தகரக் காம்பராவின் படம்

செவ்வாய்க்கிழமை இரவு, மழை

படுத்தும் தூக்கம் வரவில்லை. நான் பாடம் எடுக்கும் வகுப்பின் விக்கியில், இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கங்களில், பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். சுகன்யா, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அப்பா தகரம் அடித்துக் கட்டிய புதுக் காம்பராவில், அந்தச் சின்ன அறையில்தான் படிப்பதாகப் படத்தோடு எழுதியிருந்தாள். இன்று காலை பார்த்தால் வரியும் இல்லை, படமும் இல்லை. அழித்தவள் சுகன்யாவின் பக்கத்து வீட்டு தர்ஷினி என்று விக்கியே காட்டியது.

பொறாமை என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது. வகுப்பின் முன்னாலேயே, விக்கி சேமித்து வைத்திருக்கும் பழைய பதிப்பைத் திறந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன். "பாத்தீங்களா, இதுல எழுதுனது எதுவும் அழியாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

இடைவேளையில் தர்ஷினி தனியாக வந்தாள்.

"தோட்டத்த நடத்துற தொரைகிட்ட கேக்காம கட்டுனது டீச்சர். தெரிஞ்சா ஒடைக்கச் சொல்லுவாங்க. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மகனும் நம்ம வகுப்புதானே."

"இத சுகன்யாகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அவ ஆசையா எழுதியிருந்தா டீச்சர். எப்படிச் சொல்றது?"

உடனே வரியையும் படத்தையும் அழித்தேன். ஒரு காம்பரா கட்டவும் தோட்டத்தில் அனுமதி வேண்டும் என்பது, பண்டாரவளை டவுனில் வளர்ந்த எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படம் இல்லை. பழைய பதிப்பைத் தட்டினேன். தகரச் சுவரில் சாய்ந்துகொண்டு சுகன்யா சிரிக்கிறாள். அதை எப்படித் திறப்பது என்று கிளாக்கர் மகனுக்கும் இன்று காலை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.