நாலாவது மாடிக்கு வராத காக்கா

என் மச்சான் தேசிங்கு, கடலை விட்டுக் கண்ணை எடுக்காத பாவியே,

நீ போய் முதல் வருஷம் திரும்பப் போகிறது. தெருமுனையில் போஸ்டர் ஒட்ட வேண்டும் என்று நம் ஆட்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். நடுவில் உன் போட்டோ, இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா பறக்கிற படம், கீழே உன்னைத் தெய்வம் என்று நாலு வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைத் தெய்வம் என்று போட்டால் தெய்வம் கோபித்துக்கொள்ளும். அதிலும் புறா வேறு. போஸ்டர் வேண்டாம், நான் கடிதமாக எழுதுகிறேன், நாலு பேர் படித்தால் படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

புறாமேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பாய். என் சோறே இப்போது புறாதான். போட்டை விட்டு இறங்கிப் புறா வலை கட்டுகிற வேலைக்குப் போனேன் அல்லவா, இன்றைக்கும் அதேதான். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எழும்பி நிற்கிற அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பால்கனியாக ஏறி, சுவரில் ஹூக்கு அடித்து, நைலான் வலையை இழுத்துக் கட்டுகிறேன். முதல் நாள் அந்தச் சின்ன முதலாளி என்னைப் பார்த்து, வலை பிடித்துப் பழக்கம் உண்டா என்று கேட்டான். பிறந்ததே வலைமேல்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. இருக்கு சார் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

கடலில் வலை போட்டால் நாம் வெளியே, மீன் உள்ளே. இங்கே ஆள் உள்ளே, பறவை வெளியே. கட்டி முடித்ததும் வீட்டுக்காரர்கள் அந்தக் கம்பிக்கும் வலைக்கும் பின்னால் நின்று கீழே இறங்கிப் போகிற என்னைப் பார்த்துத் தேங்க்ஸ் சொல்லுவார்கள். அந்த வலைக்கண்ணில் சிட்டுக்குருவி தாராளமாக நுழையலாம். நுழைவதற்குத்தான் குருவி இல்லை. நம் குப்பத்துக் கூரையில் எத்தனை கூடு இருக்கும், நினைவிருக்கிறதா? கடல் அந்த வீடுகளை எடுத்துக்கொண்ட பிறகு நம்மை எர்ணாவூர்க் குடியிருப்புக்கு மாற்றினார்கள். குருவியை யாரும் மாற்றவில்லை. அது எங்கே போயிற்றோ.

உன் காலத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். முகத்துவாரத்தில் இப்போது கூழைக்கடா வந்து உட்காருகிறது. நீண்ட காலோடு இளஞ்சிவப்பாகப் பூநாரை என்று ஒன்று, கூட்டம் கூட்டமாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். பறவை இவ்வளவு வருகிறது என்றால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருத்தர் என்னிடமே சொன்னார். அந்தத் தண்ணீரில் நீங்கள் இறங்கி நின்று பாருங்கள் சார் என்றேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு மயில்கூட வந்தது, மச்சான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மதில்மேல் நின்று தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வழி கேட்க வந்த வெளியூர்க்காரன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

வந்ததைச் சொல்லிவிட்டேன். போனதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனதில் முதலாவது ஆலா.

படிக்கிறவர்களுக்கு ஆலா தெரியாமல் இருக்கலாம். வெள்ளையாக, வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்த கடற்பறவை. அது எங்கே கூட்டமாக விழுந்து எழும்புகிறதோ அங்கே அடியில் மீன் இருக்கும். நீ போட்டின் முன்னால் நின்று கையைப் புருவத்தில் வைத்துப் பார்ப்பாய். நான் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உன் கையைப் பார்ப்பேன். உன் கை காட்டின பக்கம் போட்டைத் திருப்புவதுதான் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. முன்பெல்லாம் கரையில் கோயில் கோபுரம் தெரிகிற தூரத்திலேயே ஆலா கிடைக்கும். அப்புறம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி மட்டும் தெரிகிற தூரம் ஆயிற்று. கடைசியில் கரையே தெரியாத தூரத்துக்குப் போனோம். அங்கேயும் சில நாள் வெறும் வானம்தான்.

ஆலா ஒழிந்துபோயிற்று, இனி இதை நம்பிப் பிழைக்க முடியாது என்று நான் சொன்னேன். உனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

"ஆலா இன்னா செத்தா போச்சு? தள்ளிப் போயிகீது. நாமளும் தள்ளிப் போவணும், அவ்ளோதான்."

நான் தள்ளிப் போகவில்லை. கரையேறிவிட்டேன். நீ இரண்டு கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு என்னோடு பேசினாய், சிரித்தாய், என் வீட்டில் சாப்பிட்டாய். ஆனால் கடலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

உனக்கு நெஞ்சு வலித்த அன்று நீங்கள் அவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள். அந்த ஆட்கள் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் கரை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய தூரத்தில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அப்போது ராயபுரத்தில் எட்டாவது மாடிப் பால்கனியில் நின்று வலை கட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கடல் நன்றாகத் தெரியும், மச்சான். அன்றைக்குக் கடல் அமைதியாகத்தான் இருக்கிறது என்று நினைத்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது என் தங்கச்சி கதைக்கு வருகிறேன், உன் பெண்டாட்டி அஞ்சலை கதைக்கு. அவள் எர்ணாவூரில் அதே நாலாவது மாடியில்தான் இருக்கிறாள். முழங்கால் மடங்குவதில்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குத் தவிர கீழே இறங்குவதில்லை. கண்ணில் புரை முற்றிவிட்டது. எதிரில் நிற்கிற ஆள் நிழலாகத் தெரிகிறான். உன் மகள் புருஷன் வீட்டிலிருந்து முடிந்தபோது வந்து போகிறாள். கல்மண்டபம் மார்க்கெட்டில் கூடையை வைத்துக்கொண்டு பத்துப் பேரோடு சண்டை போட்டவள், இப்போது ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலுமாகக் கிடக்கிறாள்.

உனக்கு வந்த முதல் அமாவாசைக்குச் சமைத்து, இலையில் சோறு எடுத்துக் கொடுத்தாள். நான்தான் ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைத்தேன். கா கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். காக்கா வரவில்லை. நம் பிளாக்கைச் சுற்றியிருந்த மரங்களை ரோட்டுக்காக வெட்டினார்கள் அல்லவா, அன்றைக்கே காக்காக்கள் கிளம்பிவிட்டன போலிருக்கிறது. காசிமேட்டில் பார், மீன் ஏலம் விடுகிற இடத்தில் கருப்பாக மொய்க்கிறது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் பார், வானமே தெரியாது. சோறு இருக்கிற இடத்துக்கு அது போய்விட்டது. அது விட்டுப்போன சன்ஷேடு எல்லாம் புறாவுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கும் புறாதான் வந்தது. இரண்டு, அப்புறம் நாலு. உனக்கு வைத்த சோற்றைத் தலையை ஆட்டி ஆட்டிக் கொத்தித் தின்றது. உள்ளேயிருந்து அஞ்சலை கேட்டாள்.

"காக்கா வந்திச்சா ண்ணா?"

சாப்பாட்டில் கை வைக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை என்றால் நீ ஏதோ மனக்குறையோடு இருக்கிறாய் என்று அர்த்தம். உனக்கு யார்மேல் குறை என்று எனக்குத் தெரியும். வந்தது, தின்கிறது என்று சொல்லிவிட்டேன். அவளுக்காகச் சொன்னேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்குப் பயம்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. காக்கா வருகிறது என்று கேட்டதும் அவள் தினமும் வைக்க ஆரம்பித்துவிட்டாள். தடவித் தடவிப் போய், ஜன்னலைத் திறந்து ஒரு பிடி. புறா பத்தாயிற்று, முப்பதாயிற்று. ஜன்னல் கட்டை, கட்டில் கால், துணிக்கொடி எல்லாம் எச்சம். அதற்குப் பிறகு இருமல் பிடித்தது. முதலில் சளி என்றோம். போன மாசத்தில் நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதுக்கு மூச்சு இல்லை என்றாகிவிட்டது. வாயில் வைத்து இழுக்கிற பம்பு கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த எச்சம் காய்ந்து தூளாகி நெஞ்சுக்குள் போகிறது, உடனே ஜன்னலை அடையுங்கள், தீனி வைப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நுரையீரல் திரும்பி வராது என்றார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்டார். சொன்னேன். அப்புறம் என்ன, உங்கள் கையிலேயே இருக்கிறதே என்றார்.

என் கையிலேயேதான் இருந்தது. ஊருக்கெல்லாம் கட்டுகிற வலையை என் தங்கச்சி வீட்டு ஜன்னலுக்கு என்னால் கட்ட முடியவில்லை. வலையோடும் ட்ரில்லிங் மிஷினோடும் ஒருநாள் ஏறிப்போனேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வலையைப் போட்டால் அவர் எப்படி வருவார் என்று கேட்டாள். சோற்றைக் கொடு, நான் காசிமேட்டில் கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். ஊர்க் காக்காவுக்கு வைப்பதற்கு அவர் என்ன அநாதையா, வீட்டில் வைத்தால்தான் வீட்டு மனுஷனுக்கு என்றாள். நான் என்ன செய்ய? வலை கட்டினால் உன்னை அவளிடமிருந்து பிரித்த பாவம். கட்டாவிட்டால் அவள் மூச்சுப் போகிறது. உண்மையைச் சொன்னால், ஒரு வருஷமாக நீ வரவே இல்லை என்று அவள் தலையில் கல்லைப் போட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டின முடிச்சு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன், ஒரே ஒருநாள் ஒரு காக்காவை அனுப்பினால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று.

இந்த அமாவாசைக்கு மத்தியானம் போனேன். சோறு வைத்தேன். கூப்பிடவில்லை. புறாக்கள் இறங்கின. இருமலுக்கு நடுவில் அவள் வழக்கம்போலக் கேட்டாள். இருமிய இருமலில் அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தபோது இனி என்னால் ஆகாது என்று ஆகிவிட்டது.

"வரல அஞ்சல. ஒரு நாள்கூட வரல. அல்லாம் புறாதான். நான்தான் பொய் சொல்லிகினு இருந்தேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் பம்பை எடுத்து ஒருதரம் இழுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். காக்கா சோத்தப் பாத்தா சும்மா துன்னுமா? ஊரையே கூப்டும். இங்க ஒரு நாளும் அந்தச் சத்தம் கேக்கல. எனுக்குக் கண்ணுதான் போச்சு, காதா போச்சு?"

தெரிந்துகொண்டே ஏன் ஜன்னலைத் திறந்துவைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டாய் என்று கத்திவிட்டேன். அவள் எனக்கு எதிரே, நான் நிற்காத பக்கமாகப் பார்த்துச் சொன்னாள்.

"காக்கா வரலன்னா இன்னா, நீ வர்ற இல்ல? வலையக் கட்டிட்டா அப்பறம் உனுக்கு இங்க இன்னா வேல கீது? எனுக்காவ யாரு நாலு மாடி ஏறுவா?"

மச்சான், யோசித்துப் பார்த்தேன். உன் கருமாதிக்குப் பிறகு அமாவாசைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கும் தவிர, ஒரு நாள்கூடச் சும்மா அவளைப் பார்க்க நான் ஏறினதில்லை. உன் முகத்தை அவள் முகத்தில் பார்க்க வேண்டுமே என்று தவிர்த்துக்கொண்டிருந்தேன். நீ என்மேல் கோபமாக இருப்பாய் என்று பயந்ததில், அவள் அங்கே ஒத்தையாகக் கிடப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் எச்சத்தையெல்லாம் தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கழுவினேன். அவளை அடுத்த வீட்டில் உட்காரவைத்துவிட்டு ஜன்னலுக்கு வலை கட்டினேன். புறாக்கள் எதிர் பிளாக்கில் போய் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் திரும்பி வந்ததும் வலையைத் தடவிப் பார்த்து, கட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். இருமல் இன்னும் நிற்கவில்லை. நிற்க நாள் ஆகும், முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. உன்மேல் கதவைச் சாத்தினவன் நான்தான். அன்றைக்கு உன்னோடு வராதவனும் நான்தான். மன்னிப்பாயா என்று கேட்கிறேன், நீ பதில் சொல்லப் போவதில்லை.

நேற்று வேலை முடிந்ததும் போனேன். நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை. கதவைத் தட்டினதும், இன்றைக்கு என்ன நாள் என்று உள்ளேயிருந்து பதறிக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். வேறு என்ன என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். அப்புறம் டீ போட எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது.

என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், நானும் ஒருநாள் அங்கே வந்துதானே ஆக வேண்டும், அப்போது தீர்த்துக்கொள்வோம். அதுவரைக்கும் ஒன்று சொல்கிறேன், இது பொய் இல்லை. ஒரு காரணமும் இல்லாத நாட்களில் நான் அந்த நாலு மாடி ஏறுவேன். என் முழங்கால் மடங்குகிற வரைக்கும் ஏறுவேன்.

இப்படிக்கு,
அஞ்சலையின் அண்ணன்,
உன் மச்சான் ஏழுமலை.