சேவல் வாங்கும் பெண்

அன்புள்ள அம்மாவுக்கு, லெய்டனிலிருந்து ஆல்ட்யே வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் ஓவிய எஜமானர், கிழக் குடியானவன் நீட்டும் சேவலை வாங்குகிற பெண்ணாக என்னை வரைந்தார். படம் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எஜமானியம்மாள் மாக்டெல்ட்தான் தனியே அழைத்துச் சொன்னார்:

"அடி அசடே, படத்துல கிழவன் கோழி நீட்டினா, பொண்ணைப் படுக்கக் கூப்பிடுறான்னு அர்த்தம்டி!"

கொஞ்சம் அழுதேன். உடனே அவர் தம் கணவரிடம் போய்ச் சொன்னார்:

"இவ முகத்தை அழிச்சுட்டு என் முகத்தைப் போடுங்க. எவன் சிரிக்கிறான்னு பாக்கறேன்."

அப்படியே ஆயிற்று. இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அவருக்கு நம் வீட்டுப் பாலாடைக்கட்டி அனுப்புங்கள். எனக்கு உங்கள் பழைய சால்வை போதும், துவைக்காமல் அனுப்புங்கள். கடிதம் கொண்டுவரும் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் ஆல்ட்யே