பூசானிலிருந்து குன்னத்துகால்

13 ஜனவரி 2025, திங்கள், காலை 6.10
பாறசாலை

சிஜிக்கு,

நேற்று இரவு பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். அதிலிருந்து உன்னைப் பதினான்கு தடவை கூப்பிட்டாயிற்று. நீ எடுக்கவில்லை. அதனால் இந்த மெயில். தோத்திரம் சொல்லித் தொடங்கும் மனநிலை இல்லை.

உன் அண்ணன் சஜன் ஏதோ வெப்சைட்டைப் பார்த்து, பூசானுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஆறாயிரத்து ஐம்பது கிலோமீட்டர், ஏழரை மணி நேரம் என்று சபைக் கமிட்டியில் சொல்லி, நம் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞாயிறு காலையைக் குறித்துவிட்டான். அது வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு வேகத்தால் வகுத்த கணக்கு. அப்படி ஒரு விமானமே கிடையாது. சிங்கப்பூரில் இறங்கி, பகல் முழுக்க நாற்காலியில் கிடந்து, வேறு விமானம் ஏற வேண்டும். ஞாயிறு ராத்திரிதான் வருவேன் என்று வியாழக்கிழமையே அவனிடம் சொன்னேன். “எலே, பெங்களூருக்கு பஸ்ஸுல போவ இதவிட நேரம் ஆவும். பிரியாணிக்கும் சொல்லியாச்சு மக்கா” என்கிறான். கொரியாவில் கப்பலில் பைப் வெல்டிங் சோதிக்கும் நான் இப்படிக் கணக்குப் போட்டால் கப்பல் முங்கும்.

எட்டு மாதப் பிள்ளையை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்வது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அஜிஷா என்று உன்னிடம் சொல்லியும் இருந்தேன். பிள்ளையைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் போதகர் பெயர் கேட்பார். உன் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டு உங்கள் அம்மா பெயரைச் சொல்லியிருக்கிறான். ஆனந்தபாய்! இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இந்தப் பெயர்? அவன் செய்தது திருட்டு.

அஜீஷ்

13 ஜனவரி, பகல் 1.30
குன்னத்துகால்

அத்தானுக்கு,

அண்ணனைத் திட்ட வேண்டாம். பிள்ளையை வைத்திருந்தது நான். பெயர் சொன்னதும் நான்.

ஆராதனைக்கு முன்னால் போதகர் வந்து, “அடுத்த ஞாயிறு வைப்போமா மோளே? தகப்பனும் நிக்கட்டும்” என்று கேட்டார். “வேண்டாம் ஐயா, இண்ணைக்கே நடத்துங்க” என்றேன். அண்ணன்தான் பதறினான். “ஏட்டி, அவன் என்னையாக்கும் கொல்லுவான்” என்றான்.

பேறுகாலத்துக்கு வருவேன் என்றீர்கள். பிறகு ஓணம் என்றீர்கள். பிறகு கிறிஸ்மஸ். ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோமீட்டர், எங்கே இறங்கி ஏற வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். ஜூலையில் பிள்ளை காய்ச்சலில் கிடந்து, நான் ஆஸ்பத்திரியில் ஒற்றைக்கு இருந்தபோதும் எடுத்தீர்கள். அதே மாதம் கம்பெனி சொன்னதும் மறுநாளே அபுதாபிக்குப் பறந்தீர்கள். அது எத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

பாறசாலையிலிருந்து இங்கே அண்ணன் வீட்டுக்கு எவ்வளவு தூரம் உண்டு? பத்து கிலோமீட்டர் வருமா? ராத்திரி முழுக்கப் போன் அடித்தீர்களே, வந்து கதவைத் தட்டினீர்களா?

சிஜி

13 ஜனவரி, மாலை 4.40
பாறசாலை

சிஜிக்கு,

அபுதாபிக்குப் பறந்தது என் தப்புதான். அதனால் நீ செய்தது சரி என்றும் ஆகிவிடாது. தட்டினால் நீ திறக்கமாட்டாய் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் செய்யப்போவது இது:

1. ஆறு மணிக்கு பைக்கில் அங்கே வருவேன். நீ என்னிடம் பேச வேண்டாம்.
2. சஜனிடம், திருட்டு என்று சொன்னது தப்பு என்பேன். கணக்குத் தெரியாதவன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.
3. ஆனந்தபாய் என்று ஒரு நாளும் கூப்பிட மாட்டேன்.
4. பிள்ளையைத் தூக்குவேன். ஆள் தெரியாமல் அழும். அழுதாலும் உன்னிடம் தரமாட்டேன்.

அஜீஷ்