பிடுங்கிப்போட்ட ஆறு கன்றுகள்

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
வியாழக்கிழமை காலை

அன்புள்ள ஃபிரெடிக்கு, அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் கென்யாவில் அந்த இசியோலோ வெயிலில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, எனக்குச் சர்க்கரை ஏறவில்லை, வேளச்சேரி ரோட்டில் மறுபடி பள்ளம் தோண்டிப் போட்டிருப்பதால் சர்ச்சுக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சோழிங்கநல்லூர் வேலையை விட்டுவிட்டு கென்யாவில் முள் மரம் வளர்க்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, சர்ச்சிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, முள்ளை வெட்டினால் கூலி கொடுப்பான், முள்ளை வளர்க்கிறவனுக்கு எவன்டா கொடுப்பான் என்று நான் கேட்டது உனக்கு மறந்திருக்காது. எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷமாக நாம் இரண்டு பேரும் நேராக நாலு வார்த்தை பேசவில்லை. நியாயம் என் பக்கம் என்றே இருந்தேன். போதாததற்கு, உன் வேலை எவ்வளவு லேசு என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்பில் ஜனவரி மாதம் பெருங்களத்தூரில் ஒரு நர்சரிக்குப் போய், நீ வளர்க்கிற அதே ஆப்பிரிக்கக் குடை முள் மரத்தின் விதை இருபது வாங்கி வந்தேன். முள்தானே, போட்டால் முளைத்துவிட்டுப் போகிறது என்று பத்தைத் தொட்டியில் ஊன்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றையும் காணோம். தோண்டிப் பார்த்தால் பாதி அழுகிப்போச்சு, மீதி வாங்கின அன்றைக்கு இருந்தபடியே கல்லாகக் கிடக்கிறது. முப்பத்திநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஒரு விதையிடம் தோற்றுப்போனேன்.

பிறகு அம்மாவை விட்டு, அவளே கேட்கிற மாதிரி உன்னிடம் கேட்கச் சொன்னேன். நீ சொன்னதை அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். நகவெட்டியால் விதையின் தோலை ஓரத்தில் லேசாகக் கிள்ள வேண்டும், வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து உப்பினதை மட்டும் போட வேண்டும், தொட்டி ஆழமாக இருக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். அட, ஆறாம் நாளே முளை எட்டிப் பார்த்துவிட்டது! மீதி இருந்த பத்துக்கு ஆறு. குழாய் வேலையில் மீந்த பிவிசி பைப்பை வெட்டி அதில் மண் நிரப்பித்தான் வளர்த்தேன். மேலே இரண்டு விரல் உயரம் இருக்கும்போதே ஒரு கன்று பைப்பின் அடி வழியாக வேரை வெளியே நீட்டிவிட்டது. என்ன கெட்டிக்காரச் செடிடா அது! தண்ணீர் எங்கே என்று முதலில் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் மேலே வளருவேன் என்கிறது. இந்தச் சூட்சுமமெல்லாம் தெரிந்து வருஷத்துக்கு எட்டாயிரம் கன்று எழுப்புகிறாயாமே, அம்மா சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆறையும் காம்பவுண்டு ஓரமாக வைத்திருந்தேன். நம் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர், உனக்குத் தெரியும். சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும், முள் கன்று எங்கே கண்டாலும் கேள்வி கேட்காமல் பிடுங்குங்கள், எந்த வீடாக இருந்தாலும் சரி என்று சங்க போர்டில் எழுதிப்போட்டதும் நான்தான். போன சனிக்கிழமை நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம், சங்கத்து ஆட்கள் வந்து ஆறையும் பிடுங்கிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது தெரு சிவகுமார் பல்லெல்லாம் தெரிய வந்து, சார், உங்க வூட்டாண்டயே மொளச்சிக்கினு கீது சார், நல்லவேள நா பாத்தேன் என்கிறான். அவனை என்ன சொல்ல, என் உத்தரவுதானே. சரிப்பா, ரொம்ப தேங்க்ஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. முதல் வருஷம் நீ எழுப்பின நானூறு கன்றையும் ஒரே காலையில் ஆடு மேய்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி அழுதாயே, அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னபோது, ஆட்டுக்காவது புத்தி இருக்கிறது என்றேன் நான். ஃபோன் அவள் கையில்தான் இருந்தது, நீ கேட்டிருப்பாய். ஆறு கன்றுக்கே எனக்கு இப்படி என்றால் நானூறுக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் மறுவாரமே நீ திரும்ப விதை ஊறப்போட்டாயாம். அந்த மனசு எனக்குக் கிடையாது ஃபிரெடி. உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை. அன்றைக்கு ஹாலில் சொன்னதும் தப்பு, ஆட்டைப் பற்றிச் சொன்னதும் தப்பு. அப்பாவை மன்னித்துவிடு.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. தேவன் உன்னையும் உன் கையில் முளைக்கிற ஒவ்வொன்றையும் ஆசீர்வதிப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசி முடித்ததும் ஃபோனை வைத்துவிடாதே. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பா,
தா. எலியேசர்