பெயர் கேட்டார்கள், அப்பா கொடுக்கவில்லை

முருகன் துணை

திருப்பூர்
28.11.2007

அன்பு மகள் கலைமகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், இந்த மழைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். டொரண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோட்டில் அப்பாவின் புது ஆபீஸ் திறந்தாயிற்று கண்ணு, மூன்று மாடி. நீ தொட்டிலில் கிடந்தபோது கோயமுத்தூர் மில் வேலையை விட்டுவிட்டு, பனியன் கம்பெனிகளில் மிஷினை எப்படிப் போட்டால் வேலை தேங்காமல் ஓடும் என்று யோசனை சொல்லப் போகிறேன் என்று சைக்கிளில் கிளம்பினார். "யோசனைக்கு யாருங்க காசு தருவாங்க" என்று சிரித்தவர்கள்தான் அதிகம். முதலில் கூப்பிட்டவர் சேவூர் ஈஸ்வரமூர்த்தி அண்ணன். அப்புறம் எக்ஸ்போர்ட் வந்தது, கம்பெனிகள் பெருத்தன, அப்பாவிடமும் ஆட்கள் சேர்ந்தார்கள், இப்போது நம் இன்ஜினியர்கள் டாக்கா வரைக்கும் போய் வருகிறார்கள்.

ஆனால் இந்த வருஷம் எல்லாம் கைவிட்டுப் போகப் பார்த்தது. டாலர் விலை இறங்கி எக்ஸ்போர்ட்டில் வரும் பணம் குறைந்ததும் ஊரே பயந்து கிடந்தது. ஈஸ்வரமூர்த்தி அண்ணன் மகன் முருகேஷ், அவன்தான் இப்போது கம்பெனியைப் பார்க்கிறான், அப்பாவைக் கூப்பிட்டு, "நூறு பேரைக் குறைக்கோணுங்க மாமா, யார் யாருன்னு பேர் மட்டும் குடுத்துருங்க" என்றானாம். அப்பா, "பேர் குடுக்க முடியாதுங்க தம்பி. மூணு மாசம் குடுங்க, இதே ஆளுகளை வெச்சுச் சரி பண்றேன். ஆகலீன்னா எங்களையே நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நமக்கு வேலை தருவதிலேயே பெரிய கம்பெனி அது, மற்றவர்களும் அவனைப் பார்த்துத்தான் நடப்பார்கள். நம் இன்ஜினியர் பையன்களே, "கேட்டதைக் குடுத்துரலாமுங்க சார்" என்றார்கள். அவர் கேட்கவில்லை. அங்கே டிசைன் மாறும்போதெல்லாம் நூல் வரவில்லை, ஊசி வரவில்லை என்று பாதி நாள் வேலை நின்று கிடந்திருக்கிறது. அடுத்த டிசைனுக்கு வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைக்க ஆள் போட்டார், மிஷின்களை இடம் மாற்றினார். முதல் மாதம் இடம் பழகாமல் உற்பத்தி இன்னும் குறைந்தது. முருகேஷ் போனில் கத்தியது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. அப்பா தட்டில் கை வைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் வேலை சூடு பிடித்தது. எப்போதும் தாமதமாகி விமானத்தில் அனுப்பி நஷ்டப்பட்ட சரக்கு, தீபாவளிக்கு முன்பே தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டது. ஒருத்தரையும் நிறுத்தவில்லை. இப்போது கம்பெனி கேட்டில், ஆட்கள் தேவை என்று போர்டு தொங்குகிறது.

திறப்பு விழாவுக்கு முருகேஷ் கம்பெனியின் தையல் பெண்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். தென்காசிப் பக்கத்துச் செல்லத்தாய், "எங்களை வெரட்ட வந்த ஆளுன்னுல்லா சார் நெனச்சோம்" என்று அழுது, அழுதுகொண்டே சிரித்து, புது ஹாலில் கும்மியை ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் இழுத்த இழுப்பில் உன் அப்பாவும் நடுவில் போய், தாளம் தப்பித் தப்பிக் கும்மியடித்தார். முருகேஷ் விசிலடித்தான். போனில் உன்னிடம் அவர், "ஆபீஸ் தொறந்தாச்சு கண்ணு, நல்லபடியா ஆச்சு" என்பதோடு முடித்திருப்பார், கும்மியைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டார். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதினேன்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு நன்றாக இருங்கள். அப்பாவிடம் பேசும்போது சிரித்துத் தொலைத்துவிடாதே, நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடும்.

உன் அம்மா
ஞானாம்பாள்