அப்பாவின் வாட்ச்சை அனுப்பவில்லை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்குக் குறைவில்லை, முழங்கால் மட்டும் பழையபடி. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

உன் தங்கச்சிக்கு நீ அனுப்பிய செய்தியை அவள் வாசித்துக் காட்டினாள். அப்பாவின் வாட்ச்சைப் பஞ்சில் சுற்றி கூரியரில் போடச் சொல்லியிருக்கிறாய். முகப்பைத் துடைக்கக் கூடாதாம், கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றக் கூடாதாம், பழசு பழசாகவே இருந்தால்தான் மதிப்பாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை.

பஸ் டிப்போவில் நேரம் பார்த்து வண்டிகளை அனுப்பிய முப்பத்தொரு வருஷமும் அது அவர் கையில்தான் இருந்தது. காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பார், கை ஈரமாக இருந்தால் தொட மாட்டார். ஆஸ்பத்திரியில் கை மெலிந்து அது முழங்கைக்குச் சரிந்தபோதும் கழற்ற விடவில்லை, சாவி திருகத் தெம்பில்லாமல் தங்கச்சியிடம் நீட்டுவார். அந்தப் பதினொரு நாளில் நீ மூன்று தடவை பேசினாய். லீவு கிடைக்கவில்லை என்றாய், ஒத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை, உன் குரலை அவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்பாவும் கேட்கிறார் என்று நான் சொல்வதற்குள், "அந்த வாட்ச்ச யாராவது எடுத்துடப் போறாங்கம்மா, இப்பவே கழட்டி வச்சிடு" என்றாய். போனை வைத்ததும் அவர் கையை என் பக்கம் நீட்டினார். "கழட்டிடு, அவன் கேக்கறான்ல" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார், மணி என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ காரியத்துக்கும் வரவில்லை.

மூன்று மாதமாக அலமாரியில் நின்றுபோய்க் கிடந்ததைப் போன வாரம் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தது, கழுவிப் போட்டார். முகப்பைத் துடைக்கச் சொன்னேன், கண்ணாடியை மாற்றச் சொன்னேன், என் கைக்குத் தகுந்த சின்ன வார் போடச் சொன்னேன். இனி நீ சொன்ன மதிப்பு அதற்கு இருக்காது. நேரம் சரியாகக் காட்டுகிறது, நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி இனிமேல் தங்கச்சியிடம் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதே.

குழந்தைக்கு என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் கோபத்தைக் காட்டாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், இவ்வளவு எழுதிய பிறகும் அதை மனசாரத்தான் சொல்கிறேன். ஊருக்கு வருவதென்றால் நான் இருக்கும்போதே வா.

இப்படிக்கு,
உன் அம்மா